உடல் எனும் அமானிதம்: கீமோதெரபி சிகிச்சையும் நமது உணவும்

  

நமது உடல் நமக்குச் சொந்தமான பொருளன்று. அது வல்ல அல்லாஹ் சில காலத்திற்கு நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதமாகும். பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய ஒரு தோழரை அழைத்து, அவருடைய உடலுக்கும் அவர் மீது உரிமை இருக்கிறது என நபி (ஸல்) அவர்கள் உணர்த்திய நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வணக்கத்தின் பெயரால்கூட உடலை வருத்தி அழிக்கலாகாது என்றால், அறியாமையின் பெயரால் அதனை வாட விடுவது எங்ஙனம் தகும்?

டயகம போன்ற மலையகப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தினரிடம் "புற்றுநோய், கீமோதெரபி ஏற்ற வேண்டும்" என்று வைத்தியர் கூறிவிட்டால், அன்று மாலையே வீட்டில் ஆலோசனைகள் குவியத் தொடங்கிவிடும். ஒருவர் இறைச்சியை நிறுத்தச் சொல்வார். மற்றொருவர் சீனி நோயை வளர்க்கும் என்பார். வேறொருவர் இலைச் சாற்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பார். யாவரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆயினும் அந்த அன்பின் விளைவாக, நோயாளி மூன்று வாரங்களில் பல கிலோ எடை குறைந்து, இரத்தம் குறைந்து, மருந்து ஏற்றும் நாளில் திருப்பி அனுப்பப்படும் நிலை உருவாகலாம். தள்ளிப்போகும் ஒவ்வொரு தவணையும் நோய்க்குக் கிடைக்கும் அவகாசமாகும்.

ஆகவே இக்கட்டுரை வலியுறுத்துவது ஒன்றே. உணவு புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்தன்று. ஆனால் அந்த மருந்தைத் தாங்கி நிற்கும் பலத்தை உடலுக்குத் தருவது உணவே. மருந்தை விட்டு உணவை நம்புவதும் தவறு. உணவை விட்டு மருந்தை மட்டும் நம்புவதும் தவறு.

மருந்து உடலினுள் என்ன செய்கிறது?

புற்றுநோய்க் கலங்கள் மிக வேகமாகப் பெருகுபவை. கீமோதெரபி மருந்துகளுள் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்கி அழிக்கின்றன. நமது உடலில் இயல்பாகவே வேகமாகப் பெருகும் நல்ல கலங்களும் உள்ளன. மயிர்க்கால்கள், வாயினதும் குடலினதும் உட்சவ்வு, இரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மச்சை ஆகியன அத்தகையவை. மருந்து இவற்றையும் ஓரளவு தாக்குவதனாலேயே முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, வயிற்றோட்டம் ஏற்படுகிறது, வெண்குருதிக் கலங்கள் குறைந்து தொற்றை எதிர்க்கும் சக்தி தாழ்கிறது.

எனினும் நல்ல கலங்கள் மீண்டெழக்கூடியவை. அதற்காகவே ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையில் 2 அல்லது 3 வாரங்கள் போன்ற இடைவெளி விடப்படுகிறது. இடிந்த சுவரை மீளக் கட்டுவதற்குக் கல்லும் மண்ணும் வேண்டுமல்லவா? அந்த இடைவெளியில் உடல் தன்னைக் கட்டியெழுப்பத் தேவையான கல்லும் மண்ணும் உணவிலிருந்தே வருகின்றன.

சிகிச்சை தொடங்கு முன்

முதலாவதாக, எடையை அறிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் பறிக்கும் கொழுந்துக்குக்கூட நாள் தவறாமல் நிறுவை போட்டுக் கணக்கெழுதுகிறார்கள். நோயாளியின் எடையையும் அவ்வாறே வாரம் ஒருமுறை, ஒரே தராசில் நிறுத்து, கொப்பியில் எழுதி வைத்து, கிளினிக் செல்லும்போது காட்டுங்கள். பல கீமோதெரபி மருந்துகளின் அளவு, நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டே கணிக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் குறுகிய காலத்தில் இரண்டரைக் கிலோ இழந்துவிட்டால், அது வைத்தியரிடம் உடனே தெரிவிக்க வேண்டிய செய்தியாகும். உடல் பருத்தவர் மெலிந்தால் நன்மைதானே என்று இக்காலத்தில் எண்ணிவிடாதீர்கள்; அங்கே குறைவது பெரும்பாலும் தசையின் பலமே.

இரண்டாவதாக, பற்களைக் காட்டுங்கள். சூத்தைப் பல்லும் சீழ் வைத்த ஈறும் சாதாரண நாட்களில் வலியோடு போய்விடும். எதிர்ப்புச் சக்தி குறைந்த நாட்களில் அதுவே இரத்தத்தில் கிருமி பரவும் வாசலாகிவிடும். சிகிச்சை தொடங்குமுன் பல் வைத்தியரைச் சந்திப்பது எவ்வாறு என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

மூன்றாவதாக, வெற்றிலை, பாக்கு, புகையிலை, சிகரெட் ஆகியவற்றை அன்றே விட்டுவிடுங்கள். இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும், பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் தெளிவுபடுத்தியுள்ளது. "குளிருக்குப் போடுகிறேன்" என்ற சாட்டு இனியும் வேண்டாம்.

நான்காவதாக, நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் இருந்தாலும், அவற்றுக்கு மாத்திரையோ கசாயமோ அருந்தினாலும், எதனையும் மறைக்காமல் வைத்தியரிடம் கூறுங்கள்.

நமது அடுப்பிலேயே உள்ள பலம்

புற்றுநோயாளி விலையுயர்ந்த மாப்பொருட்களை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அவருக்கு முதன்மையாகத் தேவைப்படுவது போதிய சக்தியும் புரதமும் ஆகும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமலும், இயலுமாயின் ஒன்றரைக் கிராம் வரையிலும் புரதம் கிடைக்க வேண்டும் என்பது இன்றைய போசாக்கு நிபுணர்களின் வழிகாட்டல். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 முதல் 75 கிராம் வரையாகும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை வைத்தியரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. ஒரு கோப்பைப் பாலில் 6 கிராமுக்கு மேல் உண்டு. 50 கிராம் பருப்பை வேகவைத்தால் 12 கிராம் அளவில் கிடைக்கும். சமைத்த கோழி இறைச்சி 75 கிராமில் 20 கிராம் வரை இருக்கும். இரண்டு முட்டை, இரண்டு கோப்பைப் பால், பருப்பு, சிறிது கோழி இறைச்சி ஆகியவற்றைக் காலை முதல் இரவு வரை பகிர்ந்து கொடுத்தால் தேவை நிறைவேறிவிடுகிறது. இறைச்சி வாங்க இயலாத நாளில் கௌபி, கடலை, பயறு, சோயா, நெத்தலி ஆகியன அதன் இடத்தை நிரப்பும்.

மலையக வீடுகளில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் ஒரு வேளை உணவாக அமைந்துவிடுவது வழக்கம். அதில் வயிறு நிறையும்; ஆனால் உடலைக் கட்டும் சத்து போதாது. அந்த ரொட்டி மாவிலேயே ஒரு முட்டையைச் சேர்த்துப் பிசையுங்கள். சம்பலுக்குப் பதிலாகக் கெட்டியான பருப்பை வையுங்கள். சாயத்தண்ணியின் இடத்தில் ஒரு வேளையேனும் பால் கொடுங்கள். தேநீரை உணவோடு சேர்த்து அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். ஆதலால் உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். நமது மண்ணில் விளையும் கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை வேகவைத்து மசித்துச் சூப்பாகவும் கஞ்சியிலும் சேர்க்கலாம்.

நமது சமூகத்திற்கே உரிய நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். அரிசி, இறைச்சி, தேங்காய்ப் பால், உள்ளி, வெந்தயம் எல்லாம் ஒன்றாக வெந்து குழைந்த அந்தக் கஞ்சி, மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும் நோயாளிக்கு மிகப் பொருத்தமான உணவாகும். அதை ரமழானுக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. ஆயிஷா (ரழி) அவர்கள் நோயாளிகளுக்குத் 'தல்பீனா' எனும் பார்லிக் கஞ்சியைச் சிபாரிசு செய்து வந்ததாகப் புகாரியில் காண்கிறோம். நோயாளிக்கு மென்மையான உணவு ஆக்கிக் கொடுப்பது நமது முன்னோர் வழியாகவே வந்த பண்பாகும்.

"சீனி புற்றுநோய்க்குத் தீனி" என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடலின் எல்லாக் கலங்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. சோற்றையும் பழத்தையும் நிறுத்துவதால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாவதில்லை, நோயாளியே மெலிகிறார். நீரிழிவு உள்ளவர் தமது கட்டுப்பாட்டைத் தொடர வேண்டும். மற்றவர்கள் இதற்காக அஞ்சி உணவைக் குறைக்க வேண்டியதில்லை.

வாய் மறுக்கும் நாட்களில்

மருந்து ஏற்றிய பின் சில நாட்கள் குமட்டல் வருவதுண்டு. வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகளை, வாந்தி வந்த பின் தேடாமல், சொல்லப்பட்ட நேரத்தில் முன்கூட்டியே கொடுங்கள். மூன்று வேளைப் பெரிய உணவை ஆறு சிறு உணவுகளாகப் பிரியுங்கள். தாளிக்கும் மணம் ஒத்துக்கொள்ளாவிட்டால் நோயாளியை அடுப்படியிலிருந்து தூரமான அறையில் இருத்துங்கள். சூடான உணவைவிட ஆறிய உணவில் மணம் குறைவு. இஞ்சி சேர்த்த தேநீர் சிலருக்கு ஆறுதல் தரும்.

வாய் புண்ணானால் மிளகாய், புளி, மொறுமொறுப்பான பண்டங்களை விலக்கி, ஆறிய கஞ்சி, பால், முட்டை, மசித்த கிழங்கு, வாழைப்பழம் கொடுங்கள். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச் சோடாவும் கரைத்து, நாளுக்குப் பலமுறை வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். மிஸ்வாக் செய்வது சுன்னத்துதான். ஆயினும் ஈறு புண்ணாகி, இரத்தம் உறையும் சக்தி குறைந்திருக்கும் நாட்களில் மிக மிருதுவான தூரிகையே பாதுகாப்பானது. வாயில் உலோகச் சுவை தோன்றினால் எவர்சில்வர் கரண்டியைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் அல்லது மரக் கரண்டியால் கொடுத்துப் பாருங்கள்.

வயிற்றோட்டம் ஏற்பட்டால் ஜீவனிக் கரைசலும் கஞ்சித் தண்ணீரும் கொடுங்கள். அது நிற்காவிட்டாலோ, இரத்தம் கலந்தாலோ வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மலச்சிக்கலாயின் நீரை அதிகமாக்கி, பப்பாசிப்பழமும் மரக்கறியும் சேருங்கள்.

குடற் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஒக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தைப் பெறுபவர்களுக்கு நமது பிரதேசத்தில் தனிக் கவனம் வேண்டும். அம்மருந்து ஏற்றிய பின் சில நாட்களுக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல்கள் கூசி மரத்துப்போகும்; குளிர்ந்ததை அருந்தினால் தொண்டை இறுகுவது போலிருக்கும். டயகமவின் அதிகாலைக் குளிரில் குழாய் நீரில் வுழூச் செய்யவிடாமல் வெந்நீர் கொடுங்கள். வெளியே செல்லும்போது கையுறையும் கழுத்துத் துணியும் அணிவியுங்கள்.

சுத்தமான உணவு, கொதித்த நீர்

வெண்குருதிக் கலங்கள் பொதுவாக மருந்து ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையான காலத்தில் மிகக் குறைந்திருக்கும். இந்நாட்களில் பழைய கறியும், மூடாமல் வைத்த சோறும், கடையில் வெட்டி வைத்த பழமும், அரை வேக்காட்டு முட்டையும் ஆபத்தானவை. பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே கொடுங்கள். மாட்டிலிருந்து கறந்த பாலை நன்கு காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். பழங்களைக் கழுவித் தோலுரித்துக் கொடுங்கள். சமைப்பவரும் பரிமாறுபவரும் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும்.

மருந்து ஏற்றிய பின் ஏறத்தாழ 48 மணி நேரம் வரை நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றோடு மருந்தின் எச்சமும் வெளியேறும். அவற்றைத் துப்புரவு செய்பவர் கையுறை அணிய வேண்டும். கர்ப்பிணிகள் அப்பணியில் ஈடுபடலாகாது. இதற்காக நோயாளியை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். புற்றுநோய் தொற்றுநோயன்று. அவரோடு ஒரே வீட்டில் உறங்கலாம், அருகிலிருந்து உண்ணலாம், பேரப்பிள்ளைகளை அவர் அணைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம்

இதனை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: கீமோதெரபி பெறுபவருக்கு உடற்சூடு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைற், ஆனாலோ அதைத் தாண்டினாலோ அது அவசர நிலையாகும். குளிர் நடுக்கமும் அவ்வாறே. வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும். "பெனடோல் இரண்டு கொடுப்போம், காலையில் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள். பெனடோல் காய்ச்சலை மறைக்குமேயன்றிக் கிருமியைக் கொல்லாது. அந்த ஓரிரவில் உயிர் பிரிந்துவிடக்கூடும்.

டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு வருவதற்கே எவ்வளவு நேரம் செல்லும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதலால் எந்த வைத்தியசாலைக்குச் செல்வது, இரவில் எந்த வாகனம், யார் உடன் செல்வது என்பதைச் சிகிச்சையின் முதல் வாரத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவையை நாடலாம். கிளினிக் கொப்பியை எப்போதும் கையோடு கொண்டு செல்லுங்கள். கீமோதெரபி நோயாளி என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

கண்டிக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்லும் நாளில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதீர்கள். வெறும் வயிற்றோடு வரும்படி வைத்தியசாலையில் சொல்லியிருந்தால் மட்டுமே அது வேறு. வேகவைத்த முட்டை, வாழைப்பழம், பிஸ்கட், கொதித்தாறிய நீர் ஆகியவற்றைப் பையில் வையுங்கள்.

தேனும் கருஞ்சீரகமும்

தேனிலும் கருஞ்சீரகத்திலும் நிவாரணம் உண்டென்பதை நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை, வைத்தியரை விட்டுவிடச் சொல்லவில்லை. உபை இப்னு கஅப் (ரழி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வைத்தியரை அனுப்பி வைத்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் சிகிச்சையோடு கைகோத்துச் செல்ல வேண்டியவை. கருஞ்சீரக எண்ணெய், இலைச் சாறு, கசாயம், விற்றமின் குளிசைகள் போன்றவற்றை அதிக அளவில் எடுத்தால், அவை மருந்தின் செயலை மாற்றவோ ஈரலைப் பாதிக்கவோ கூடும். வைத்தியரிடம் காட்டி, அனுமதி பெற்ற பின்னரே கொடுங்கள்.

தொழுகையும் நோன்பும்

ரமழான் வந்துவிட்டால் நோயாளியின் உள்ளம் தவிக்கும். ஸூரத்துல் பகராவின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்க அனுமதி வழங்குகின்றன. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதேயாகும். சுகம் பெறும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் களாச் செய்யலாம். அத்தகைய நம்பிக்கை இல்லாதவர் பித்யாக் கொடுக்கலாம். தமக்குரிய சட்டத்தை வைத்தியரின் கூற்றோடு ஓர் ஆலிமிடம் சென்று கேட்டறிய வேண்டும். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் தீங்கு செய்யும் என்றால் தயம்மும் இருக்கிறது.

வாலிபர்களே, உங்கள் பங்கு

நோய் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிமின் கடமை. எனினும் தடிமனோ இருமலோ இருந்தால் வீட்டுக்குச் செல்லாமல் தொலைபேசியில் ஸலாம் கூறுங்கள். செல்பவர்கள் சோடாப் போத்தலுக்குப் பதிலாக ஒரு டசின் முட்டையோ பால்மாப் பக்கற்றோ கொண்டு செல்லுங்கள். உண்ணச் சொல்லி நோயாளியை வற்புறுத்தி மனம் நோகச் செய்யாதீர்கள்; அவர் கேட்கும் வேளையில், கேட்கும் அளவில் அன்போடு கொடுங்கள். தவணை நாட்களைக் குறித்து வைப்பதும், உடன் பயணிப்பதும், மருந்துத் துண்டை வாசித்துச் சொல்வதும் படித்த பிள்ளைகளின் பொறுப்பாகும். இரத்த தானம் செய்யுங்கள். கீமோதெரபி பெறுபவர்களுட் பலருக்கு அது தேவைப்படுகிறது.

2016ஆம் ஆண்டு, தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தந்தையின் முயற்சியால், கதீஜா பவுண்டேஷன் அமைப்பு மகரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க நிதி திரட்டியது. இன, மத பேதமின்றி மக்கள் அள்ளிக் கொடுத்ததில் சில மாதங்களில் 20 கோடி ரூபாவுக்கு மேல் சேர்ந்தது. நாடே சேர்ந்து ஓர் இயந்திரத்துக்குக் கொடுக்க முடிந்ததென்றால், ஒரு மஹல்லா சேர்ந்து ஒரு நோயாளியின் பஸ் கட்டணத்தையும் முட்டைச் செலவையும் ஏற்க முடியாதா? அந்த நோயாளி அடுத்த லயத்தில் வாழும் மாற்று மதச் சகோதரராக இருப்பினும் அயலவரின் உரிமை அவருக்கும் உண்டு.

அன்புக்குரியவர்களே! ஷிபா அல்லாஹ்விடமிருந்தே வருகிறது. அதற்குரிய காரணங்களைத் தேடிச் செய்வது நமது கடமை. மருந்து வைத்தியசாலையில் இருக்கிறது. பலம் உங்கள் வீட்டு அடுப்பில் இருக்கிறது. இரண்டையும் தவணை தவறாமல் கொடுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.